டெபாசிட் எவ்வளவு சார்?

நம்ம ஊரில் 'டெபாசிட் காலி' என்ற வார்த்தையைச் சொல்லாத ஆளே கிடையாது. தெரு கிரிக்கெட்டில் தோற்றவனுக்கு டெபாசிட் காலி. பெண் பார்க்கப் போய் 'அப்புறம் சொல்லி அனுப்பறோம்' என்ற பதிலோடு திரும்பியவனுக்கு டெபாசிட் காலி. முதல் காட்சிக்கே கூட்டம் இல்லாத படத்துக்கும் அதேதான்.

சரி, அந்த டெபாசிட் எவ்வளவு? யாரிடம் கட்ட வேண்டும்? எப்போது திரும்ப வரும்? பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவர் உடனே கம்ப்யூட்டர் திரையில் அவசர வேலை ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்.

அரசியல் நமக்கு மூச்சு மாதிரி. ஆனால் அரசியல் வார்த்தைகள், மாமியார் வீட்டு உறவுமுறை மாதிரி. எல்லாரையும் பார்த்துச் சிரிப்போம். யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் விழிப்போம்.

எனக்கு இந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க். வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, ரிட்டயரானபின் எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வந்து உட்கார்ந்தவர். ஓட்டுப் பெட்டி காலத்திலிருந்து மெஷின் காலம் வரை எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவர். 2011 சட்டமன்றத் தேர்தல் சீசனில் அவர் ஒரு திட்டம் போட்டார். சாயங்காலம் டீ வாங்கித் தருபவருக்கு ஒரு வார்த்தை இலவசம். டீ அப்போது சில்லறைக் காசில் முடிகிற விஷயம், வார்த்தையோ ஆயுசுக்கும். நான் டைரியின் கடைசிப் பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கினேன்.

முதல் டீ, டெபாசிட்.

"தம்பி, சட்டசபைக்கு நிக்கணும்னா பத்தாயிரம் ரூபாய். பார்லிமெண்ட்டுன்னா இருபத்தஞ்சாயிரம். எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளரா இருந்தா அதுல பாதி. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கினா பணம் திரும்ப வரும். இல்லேன்னா கவர்மெண்ட்டுக்கு."

"ஆறில் ஒரு பங்கு ரொம்ப ஜாஸ்தியாச்சே சார்?"

"மொடக்குறிச்சி கேள்விப்பட்டிருக்கியா?"

1996 சட்டமன்றத் தேர்தல். ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி தொகுதியில் போட்டியிட்டவர்கள் மொத்தம் 1,033 பேர். பிழையில்லை, ஆயிரத்து முப்பத்து மூன்றுதான். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அப்போது சட்டசபைக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். எதிர்ப்பைக் காட்ட நினைத்த விவசாயிகளுக்கு அது கட்டுபடியானது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள். பிற்பாடு அது 10,000 ஆனது.

"ஆக, டெபாசிட்டுங்கறது வேலி தம்பி. ரொம்ப உசத்தினா ஏழை உள்ளே வர முடியாது. ரொம்பத் தாழ்த்தினா பேலட் பேப்பரை பைண்டிங் பண்ணணும்."

இரண்டாவது டீ, வேட்பாளர்.

அவர் அப்பா காலத்துப் பேப்பரில் 'அபேட்சகர்' என்றுதான் போடுவார்களாம். அபேட்சை என்றால் விருப்பம். பிறகு தமிழ் மணக்க 'வேட்பாளர்' வந்தது. வேட்பு என்றாலும் விருப்பம்தான். ஆள் அதேதான், பெயர் மட்டும் மாறியது. இங்கிலீஷில் 'கேண்டிடேட்' இருக்கிறதே, அது இன்னும் ருசி. லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழைய ரோமாபுரியில் பதவிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர், சுண்ணக்கட்டி தேய்த்துப் பளீரென்று வெளுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு வருவாராம்.

"அப்பவே வெள்ளை வேட்டி சட்டையா சார்!" என்றான் பக்கத்து சீட் நண்பன்.

"சலவைக்காரருக்கு நல்ல வருமானம் இருந்திருக்கும்" என்றார் ஹெட்கிளார்க். 'கேண்டிட்', அதாவது ஒளிவுமறைவில்லாத, என்ற வார்த்தையும் அதே வேரிலிருந்து வந்ததுதான் என்றும் சொன்னார். இரண்டும் எப்போது சண்டை போட்டுப் பிரிந்தன என்பதை அவர் சொல்லவில்லை. டீ தீர்ந்துவிட்டது.

மூன்றாவது டீ, கொறடா.

இது குறடு இல்லை. ஆணி பிடுங்குகிற சமாசாரமும் இல்லை. கொறடா என்றால் சவுக்கு. இங்கிலீஷில் 'விப்'. இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகும்போது, கூட்டத்தை விட்டு விலகி ஓடுகிற நாய்களைச் சவுக்கால் மடக்கிக் கொண்டுவர ஓர் ஆள் இருப்பார். அந்த உத்தியோகத்தைப் பார்லிமெண்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கட்சி சொல்கிற பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று உறுப்பினருக்கு வருகிற உத்தரவுக்கும் விப் என்றே பெயர். ரொம்ப முக்கியம் என்றால் அடியில் மூன்று கோடு போடுவார்கள். 'த்ரீ லைன் விப்'.

"போடலேன்னா?"

"1985-க்கு முன்னாடி ஒண்ணும் ஆகாது. கயா ராம் கதை தெரியுமில்ல?"

1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொலவடை அவர் புண்ணியத்தில் பிறந்தது. 'வந்தார் ராம், போனார் ராம்' என்று அர்த்தம். 1985-ல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோமே, அது. விப்பை மீறினாலும் பதவி போகலாம். முதலில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் தப்பிக்க வழி இருந்தது. 2003-ல் அந்தச் சந்தையும் அடைத்தார்கள்.

"அதாவது, தனியாப் போனா தாவல். கூட்டமாப் போனா பிளவு" என்றான் நண்பன்.

"நம்ம ஆபீஸ்ல கேண்டீனுக்குப் போற மாதிரி. ஒருத்தன் போனா மெமோ. செக்‌ஷனே போனா டீ டைம்."

இப்படித்தான் டைரி நிரம்பியது. 'தனிப்பெரும் கட்சி' வேறு, 'தனிப்பெரும்பான்மை' வேறு. 234 பேர் கொண்ட நம் சட்டசபையில் பெரும்பான்மைக்கு 118 வேண்டும். 2006-ல் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 96. அதுதான் தனிப்பெரும் கட்சி. ஆனால் பெரும்பான்மை இல்லை. காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, ஆட்சி ஐந்து வருஷம் ஓடியது. "வெளியிலிருந்து ஆதரவுன்னா என்ன சார்?" என்று கேட்டதற்கு ஹெட்கிளார்க் சொன்ன விளக்கம்: "கல்யாணத்துக்கு மொய் எழுதிட்டு, சமையல்கட்டுப் பக்கம் போகாம இருக்கறது. சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா பொறுப்பில்லை பாரு!"

49ஓ என்று ஒரு விதி அப்போது ரொம்ப பேச்சாக இருந்தது. யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால், வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாவடியில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கட்சி ஏஜெண்ட்டுகளுக்கும் அது தெரிந்துவிடும். ரகசியத்துக்கு ரகசியமும் போச்சு, தெருவில் நடக்கிற நிம்மதியும் போச்சு. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் மெஷினிலேயே 'நோட்டா' பட்டன் வந்தது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும். நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார்.

இதைவிட எனக்குப் பிடித்தது, 'ஆட்சேபணை ஓட்டு'. ஒருவர் ஓட்டுப் போட வரும்போது, "இவர் அவர் இல்லை" என்று ஏஜெண்ட் ஆட்சேபிக்கலாம். அதற்கு ரொக்கமாகக் கட்ட வேண்டிய தொகை ரெண்டு ரூபாய். ஆமாம், ரெண்டே ரூபாய். அதிகாரி அங்கேயே விசாரிப்பார். வேண்டுமென்றே கிளப்பிய புகார் என்றால் ரெண்டு ரூபாய் கோவிந்தா.

"இதுக்கும் டெபாசிட் காலின்னு சொல்லலாமா சார்?"

"தாராளமா."

ஒரு நாள் உத்திரமேரூர் பேச்சு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 வாக்கில் வெட்டியவை. குடவோலை முறை. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தக்காரர்கள் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது.

"ஆயிரம் வருஷம் முன்னாடியே தேர்தல்!" என்று நண்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"குலுக்கல்னு சொல்லு. விதிமுறை பிரமாதம்தான். ஆனா அந்தக் குடத்துல உன் பேரும் இருந்திருக்காது, என் பேரும் இருந்திருக்காது. நீ வாடகை வீடு. பொம்பளைங்க பேரு இருக்கவே இருக்காது." அவர் டீயை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தார். "நம்ம முதல் பொதுத்தேர்தல் 1951-52. பட்டியல் எழுதப் போனா, வட நாட்டுல நிறையப் பெண்கள் தன் பேரைச் சொல்லலை. இன்னாருடைய சம்சாரம், இன்னாருடைய தாயார், அவ்வளவுதான். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் ஒத்துக்கலை. பேரைச் சொல்லாதவங்களைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டார். சுமார் 28 லட்சம் பேர். அடுத்த தேர்தலுக்குள்ள சொல்லிடுவாங்கங்கற நம்பிக்கை. வாக்காளர்னு ஒரு வார்த்தை இருக்கு பாரு தம்பி, அதுக்குச் சொந்தப் பேரு வேணும்."

அன்றைய கடைசி வார்த்தையாக 'டெண்டர் ஓட்டு' என்று ஒன்றைச் சொன்னார். ரோடு போடுகிற டெண்டர் இல்லை. தேர்தல் நடத்தை விதிகளில் 49பி என்று இருக்கிறது. 'பேப்பர்' என்று எழுதும்போது வருகிற பி. நம் ஓட்டை வேறு யாரோ ஏற்கனவே போட்டுவிட்டால், நாம் திரும்பிப் போக வேண்டியதில்லை. நாம்தான் அசல் ஆள் என்று அதிகாரிக்குத் திருப்தியாக நிரூபித்தால், தனியாக ஒரு வாக்குச்சீட்டு தர வேண்டும். டைரியில் எழுதிக்கொண்டேன்.

2011 ஏப்ரல் 13. காலையிலேயே நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டு அக்காவோடு கிளம்பியவள், முக்கால் மணி நேரத்தில் தனியாகத் திரும்பினாள்.

"போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சாம்."

"என்னது, போட்டாச்சாம்?"

"யாரோ போட்டுட்டாங்களாம்டா. என் பேருல கோடு அடிச்சிருக்கு. 'உங்க ஓட்டு ஆயிடுச்சும்மா'ன்னு சொல்லிட்டாங்க. போகட்டும் விடு. ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது."

சொல்லிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். போகட்டும் விடு என்பது எங்கள் அம்மாவின் நிரந்தர வசனம். மாவு மில்லில் எடை குறைந்தாலும் அதுதான், நகை அடகுக் கடையில் மூழ்கினாலும் அதுதான். ஆனால் அன்றைக்குப் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிய புடவையைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டில் அப்பா பெயர். கேஸ் புத்தகத்தில் அப்பா பெயர். வீட்டு வரி ரசீதில் தாத்தா பெயர். அரசாங்கத்துக் காகிதத்தில் அம்மாவின் பெயர் மேலேயும், அப்பா பெயர் 'கணவர் பெயர்' என்று அடுத்த வரியிலும் வருவது ஒரே ஒரு இடத்தில்தான். வாக்காளர் பட்டியலில். அந்தப் பெயரைத்தான் யாரோ உபயோகித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"எழுந்திரும்மா" என்றேன்.

பள்ளிக்கூடத்து வகுப்பறை. ஃபேன் சுற்றுவதாகப் பாவனை செய்தது. தலைமை அலுவலருக்கு என் அப்பா வயதிருக்கும். முதல் நாள் ராத்திரி அங்கேயே பெஞ்சில் படுத்திருப்பார் போல, சட்டை கசங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"சார், லிஸ்ட்ல மார்க் ஆயிடுச்சு. நான் என்ன பண்றது? மெஷின்ல மறுபடி விட முடியாது."

"மெஷின்ல வேண்டாம் சார். டெண்டர் ஓட்டுக் கொடுங்க. 49பி."

ஒரு கணம் அறை அமைதியானது. மூன்று ஏஜெண்ட்டுகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்த வார்த்தை பழக்கமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தலைமை அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த டிபார்ட்மெண்ட் சார் நீங்க?"

"பிரைவேட் கம்பெனி சார். அக்கவுண்ட்ஸ்."

அவர் கையேட்டைப் புரட்டினார். நல்ல மனுஷர். படித்ததும் முகம் தெளிந்துவிட்டது. அம்மாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயர், கணவர் பெயர், வீட்டு எண் கேட்டார். "விரலைக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். மஞ்சள் கறை இருந்தது, மை இல்லை.

கவரிலிருந்து ஒரு காகித வாக்குச்சீட்டை எடுத்தார். படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, முழுப் பெயரையும். ஸ்வஸ்திக் மாதிரி இருக்குமே, அந்தப் பழைய ரப்பர் ஸ்டாம்ப்பைக் கையில் கொடுத்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. "இதுதான் எனக்கு நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். மடித்துக்கொண்டு வந்த சீட்டை அதிகாரி தனி உறையில் போட்டார்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "இதை எண்ணுவாங்களாடா?"

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஹெட்கிளார்க் இதையும் சொல்லியிருந்தார். டெண்டர் ஓட்டுகளைச் சாதாரணமாக எண்ண மாட்டார்கள். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் மயிரிழை என்று ஆகி, வழக்கு நடந்து, கோர்ட் கேட்டால்தான் அந்த உறை பிரியும். சொன்னேன்.

அம்மா நாலு அடி பேசாமல் நடந்தாள். பிறகு, "பரவால்ல. நான் வந்தேன்னு ஒரு காயிதம் இருக்குமில்ல?" என்றாள்.

இருக்கும். வந்தவள் அவள், அதற்கு முன் அவள் பெயரில் வந்தது வேறு யாரோ என்று கவர்ன்மெண்ட் உறைக்குள் ஒரு சாட்சி இருக்கும். அது கள்ள ஓட்டா, இல்லை வேறொருவர் பெயருக்குப் பதில் அம்மா பெயரில் கோடு விழுந்ததா, கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் கோடு விழுந்ததோடு கதை முடியவில்லை.

அந்த உறை வீண் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில், நாத்வாரா தொகுதியில் காங்கிரசின் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அவர் அப்போது கட்சியின் மாநிலத் தலைவர். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகள்தான் பெரிய விவகாரமாகி, உச்ச நீதிமன்றம் வரை போயின. 'ஒரு ஓட்டில் என்ன ஆகப் போகிறது' என்று சொல்பவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

2018-ல் 'சர்க்கார்' படம் வந்து 49பி ஊரறிந்த சமாசாரமானது. ஹெட்கிளார்க் அதற்குள் ஊரோடு போய்விட்டார். போனில் சொன்னேன். "நம்ம வார்த்தைக்கு விஜய் கால்ஷீட் குடுத்துட்டாரா? பேஷ்!" என்று சந்தோஷப்பட்டார்.

உங்களுக்கும் ஒரு டீ விலைக்கு மூன்று எண் தருகிறேன். படிவம் 6, பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்க. படிவம் 7, நீக்கக் கோரவும் ஆட்சேபிக்கவும். படிவம் 8, திருத்தத்துக்கும் வீடு மாறியதற்கும். வாடகை வீடு மாறுகிற நம் போன்றவர்களுக்கு எட்டுதான் இஷ்ட தெய்வம். முன்பு ஜனவரி 1-ல் பதினெட்டு முடிந்திருந்தால்தான் கணக்கு. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்துவிட்டன. தம்பி, தங்கைகளிடம் சொல்லுங்கள். 2025 நவம்பரில் நம் மாநிலத்தில் எஸ்.ஐ.ஆர். என்ற சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, தெருவுக்குத் தெரு மனிதர்கள் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எங்கள் தெருவில் அவர்களுக்கு வார்த்தைகளைப் படித்து விளக்கியது யார் என்கிறீர்கள்?

எங்கள் அம்மாதான். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே புத்திமதி: "முதல்ல உன் பேரை ஒழுங்கா எழுது. புருஷன் பேரு அடுத்த வரியில."